கியூஜிஐஎஸ் டூல்பார்: பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதுங்க

கண்மாய்க்கரை:

வணக்கம் மக்களே. நான் சிவகங்கைப் பக்கம். கண்மாய், வரத்துக்கால், மடை, கலுங்கு (மிஞ்சின தண்ணி வழியுற கட்டு) இதையெல்லாம் மேப்ல ஏத்துற வேலை நாலு வருசமா பாக்குறேன், எல்லாமே கியூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்லதான். 2002ல கேரி ஷெர்மன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, இன்னைக்கு பல நாட்டு ஆளுங்க சேர்ந்து வளக்குறாங்க, காசு கிடையாது, அது இல்லேன்னா எங்க மாதிரி மூணு பேர் டீமுக்கு இந்த வேலையே நடந்திருக்காது. எனக்கு யாரும் கிளாஸ் எடுக்கல. டூல்பார்ல இருக்குற ஒவ்வொரு பட்டனையும் அமுக்கி அமுக்கித்தான் கத்துக்கிட்டேன், அதுல பட்டதை எழுதுறேன், நீங்களும் எழுதுங்க, புதுசா வர்ற புள்ளைங்களுக்கு உதவும்.

முதல் வாரம் நடந்தது. சேட்டிலைட் படம் போட்டாச்சு, கண்மாய்க்கு பாலிகன் (மூடின வடிவம்) லேயர், அதாவது படத்து மேல விரிக்கிற கண்ணாடித் தாள் மாதிரி ஒண்ணு, உருவாக்கியாச்சு, வரையலாம்னு போனா பென்சில் ஐகான் மங்கிக் கிடக்கு. அமுக்குனா ஒண்ணும் நடக்கல. சாஃப்ட்வேர் சரியா ஏறலையோன்னு நினைச்சு மூடித் தொறந்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணி, ஒரு மதியம் பூரா போச்சு. கடைசியில பாத்தா லேயர் பேனல்ல நான் கிளிக் பண்ணி விட்டிருந்தது சேட்டிலைட் லேயரை. அது வெறும் படம், அதுல எப்படி வரைய முடியும்? கண்மாய் லேயர் பேர் மேல ஒரு கிளிக், பென்சில் பளிச்னு உசிர் வந்துருச்சு. டூல்பார்ல பாதி பட்டன் நீங்க எந்த லேயர் மேல நிக்கிறீங்களோ அதுக்குத்தான் வேலை செய்யும். இன்னைக்கு வரைக்கும் எங்க டீம்ல யாராவது "பட்டன் வேலை செய்யலண்ணே"ன்னு வந்தா நான் டூல்பாரைப் பாக்கவே மாட்டேன், இடது பக்கம் லேயர் பேனலைத்தான் பாப்பேன்.

அடுத்தது ஸ்னாப்பிங், புதுக் கோட்டைப் பழைய கோட்டோட ஒட்ட வைக்கிறது. இதுல எனக்கு ரெண்டு வாரம் போச்சு. கண்மாய் உள்வாயை ஒரு பாலிகனா வரைஞ்சேன், அதை ஒட்டி இருக்குற ஆயக்கட்டு வயலையெல்லாம் அதே லேயர்ல தனித்தனியா வரைஞ்சேன். கண்ணுக்கு எல்லாம் ஒட்டித்தான் தெரிஞ்சது. கூட்டிப் பாத்தா மொத்தப் பரப்பும் தனித்தனிப் பரப்பும் சேரவே மாட்டேங்குது. ஒரு நாள் ராத்திரி ஸ்கேலை 1:50க்கு கொண்டுபோய் ஒரு வரப்போட மூலையில நின்னு பாத்தேன். ரெண்டு பாலிகனுக்கும் நடுவுல மெல்லிசா வெள்ளைக் கோடு, கோடைக்கு கரிசல் வெடிச்ச மாதிரி. மவுஸால ஓரத்தைப் பிடிச்சே நகந்து போனா கொஞ்ச தூரத்துல அந்த வெடிப்பு மூடி, இப்ப ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கு, திரும்ப வெடிப்பு. 200 சொச்சம் வயல், எல்லாத்துலயும் இதே கதை.

அதுக்கு மருந்து ஸ்னாப்பிங் டூல்பார்ல இருக்குற அந்த லாட வடிவக் காந்தம். கீபோர்டுல எஸ் அமுக்கினாலும் ஆன் ஆகும். டாலரன்ஸை, அதாவது எவ்வளவு கிட்ட வந்தா ஒட்டணும்ங்கிறதை, 12 பிக்சல்னு வச்சேன், வெர்டெக்ஸ் (மூலைப் புள்ளி), செக்மென்ட் (ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்குற கோடு) ரெண்டுக்கும் டிக் போட்டேன், இப்ப கர்சர் பக்கத்துல போனாலே பழைய கோட்டுல போய் ஒட்டிக்குது. அதே டூல்பார்ல டோப்பலாஜிக்கல் எடிட்டிங்னு இன்னொரு பட்டன் இருக்கு, அதை ஆன் பண்ணிட்டு வெர்டெக்ஸ் டூலால பொது வரப்போட ஒரு புள்ளியை நகத்தினா ரெண்டு பக்கத்து வயலும் சேந்தே நகரும். பக்கத்துலயே அவாய்ட் ஓவர்லேப் இருக்கு, அது போட்டுட்டா புது வயலை பழைய வயல் மேல கொஞ்சம் ஏத்தி வரைஞ்சாலும் ஏறின பகுதியை அதுவே வெட்டி விட்டுரும். இது மூணும் முதல் நாளே தெரிஞ்சிருந்தா அந்த 200 வயலையும் நான் ரெண்டாவது தடவை வரைஞ்சிருக்க வேண்டாம்.

மலைக்கோட்டை:

அண்ணே, நான் திருச்சி, காலேஜ்ல ஜாக்ரஃபி முடிச்சிட்டு இப்ப ஒரு புராஜெக்ட்ல இருக்கேன். என்னோடது ரெண்டு இருக்கு.

ஒண்ணு சேவ் பண்றது. நான் எல்லா சாஃப்ட்வேர்லயும் செய்யற மாதிரி அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை கன்ட்ரோல் எஸ் அடிச்சிட்டே இருந்தேன், அதனால பயமே இல்லாம வரைஞ்சிட்டு இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போச்சு, யுபிஎஸ் தாங்கல. திரும்ப வந்து திறந்தா புராஜெக்ட் அப்படியே இருக்கு, கலர் இருக்கு, லேபிள் இருக்கு, ஆனா மூணு மணி நேரமா நான் போட்ட தெருக் கோடு ஒண்ணு கூட இல்ல. அழுதுட்டேன்ணே, நிஜமா. அப்புறம்தான் சீனியர் அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, கன்ட்ரோல் எஸ் புராஜெக்ட் ஃபைலைத்தான் சேவ் பண்ணும், லேயர்ல வரைஞ்சது தனின்னு. பென்சிலுக்குப் பக்கத்துலயே சேவ் லேயர் எடிட்ஸ்னு தனி பட்டன் இருக்கு, அதை அமுக்கினாத்தான் டேட்டா ஃபைலுக்குள்ள போகும். லேயர் பேனல்ல பேருக்கு முன்னாடி இருக்குற குட்டிப் பென்சில் செவப்பா மாறியிருந்தா இன்னும் சேவ் ஆகாத வேலை இருக்குன்னு அர்த்தம். இப்ப எனக்கு அந்தச் செவப்பைக் கண்டாலே கை தானா போயிடும். டெம்பரரி ஸ்கிராட்ச் லேயர்ல வரையறவங்களும் ஜாக்கிரதை, பேருக்குப் பக்கத்துல சிப் மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அதை கிளிக் பண்ணி ஃபைலா மாத்தாத வரைக்கும் அது மெமரியிலதான் இருக்கு.

ரெண்டாவது, போர்வெல் லொகேஷன் எக்ஸெல்ல இருந்துச்சு, சிஎஸ்வி ஆக்கி உள்ள கொண்டு வந்தேன். மேப்ல ஒரு புள்ளி கூட காணோம். ஜூம் டு லேயர் அமுக்கினேன், வெள்ளைத் திரையில புள்ளி எல்லாம் அழகா வரிசையா நிக்குது, ஆனா அடியில ஊரையே காணோம். ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை அடியில போட்டு மெதுவா ஜூம் அவுட் பண்ணினா, நார்வேக்கும் வடக்க, ஸ்வால்பார்ட் தீவுகளோட மேற்குக் கரை! எக்ஸ் இடத்துல லாட்டிட்யூடையும் ஒய் இடத்துல லாங்கிட்யூடையும் குடுத்திருக்கேன். திருச்சி 10.8 வடக்கு, 78.7 கிழக்கு. மாத்திப் போட்டா 78.7 வடக்கு, 10.8 கிழக்கு, பனிக் கடலுக்குப் போயிடும். நம்ம மாநிலத்துக்காரங்க யார் மாத்திக் குடுத்தாலும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் போய் விழும், அதனால பாயிண்ட் காணலைன்னா முதல்ல அங்க போய்த் தேடுங்க.

பனங்கூடல்:

நான் யாழ்ப்பாணம். தங்கச்சி எழுதினதை வாசிக்க எனக்கும் எழுத வேணும் போல கிடக்கு.

எங்கட பக்கம் வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, கிணத்துத் தண்ணியை நம்பித்தான் தோட்டம், அதால ஆர் எங்க கிணறு வெட்டியிருக்கினம் எண்டு மேப்பில இருக்கிறது எங்களுக்கு முக்கியம். பழைய பட்டியல் ஒண்டு கிடைச்சது, எண்கள் எல்லாம் மீட்டரில. நான் உடன லேயரில ரைட் கிளிக் பண்ணி செட் லேயர் சிஆர்எஸ்ஸுக்குப் போய் (சிஆர்எஸ் எண்டால் எண்களை எந்த அளவை முறையில வாசிக்கிறது எண்டது, ஒவ்வொரு முறைக்கும் ஈபிஎஸ்ஜி எண்டு ஒரு நம்பர்) இலங்கையில இப்ப பாவிக்கிற 1999 கிரிட்டை, அதான் ஈபிஎஸ்ஜி 5235 ஐக் குடுத்தனான். கிணறெல்லாம் கன்னியாகுமரிக்குத் தெற்கால கடலுக்குள்ள போய் நிண்டது. ரெண்டு நாள் எனக்கு ஒண்டும் விளங்கேல்ல, பட்டியல் எழுதினவர் பிழையா எழுதிப்போட்டார் எண்டுதான் நினைச்சனான், அந்த மனுசனில கோபமும் வந்தது.

பிறகுதான் பிடிபட்டது, அந்தப் பட்டியல் பழைய கண்டவலை கிரிட்டில, 5234. அதில அளக்கத் தொடங்குற மூல இடத்துக்கே கிழக்குக்கும் வடக்குக்கும் 2 லட்சம் மீட்டர் எண்டு எண் குடுத்திருக்கு, புதுசில 5 லட்சம். அதால எல்லாம் 300 கிலோமீட்டர் மேற்கையும் 300 கிலோமீட்டர் தெற்கையும் தள்ளுப்பட்டிருக்கு. எழுதினவரில ஒரு பிழையும் இல்லை. செட் லேயர் சிஆர்எஸ் எண்டது போத்தலில லேபிள் ஒட்டுற மாதிரி, உள்ளுக்க இருக்கிறதை அது மாத்தாது. முதல்ல உண்மையா எதில இருக்கோ அந்த லேபிளை ஒட்ட வேணும், பிறகு எக்ஸ்போர்ட் குடுத்து சேவ் ஃபீச்சர்ஸ் அஸ் இல புது கிரிட்டைத் தெரிஞ்சால்தான் எண்கள் உண்மையா மாறும். அப்பிடிச் செய்ததும் 5 செக்கனில எல்லாக் கிணறும் வளவுக்குள்ள வந்து குந்திச்சுது.

ஈரோட்டுக்காரன்:

பரப்பளவு விசயம் யாரும் எழுதலீங்க, அதனால நான் எழுதறேன்.

ஒரு தோட்டம், பட்டாவுல 2 ஏக்கர் 40 சென்ட். நான் மெஷர் ஏரியா டூலால சுத்தி கிளிக் பண்ணிப் பாத்தேன், கன்ட்ரோல் ஷிஃப்ட் ஜே, கிட்டத்தட்ட 9700 சதுர மீட்டர் வந்துச்சு, சென்ட்டுக்கு 40.47 சதுர மீட்டர்னு வகுத்தா சரியாத்தான் வருது. அதையே அட்ரிபியூட் டேபிள்ல (ஒவ்வொரு உருவத்தோட விவரமும் இருக்கற அட்டவணை) ஏத்தலாம்னு ஃபீல்டு கால்குலேட்டரைத் தொறந்து ஏரியா ஃபங்ஷனைப் போட்டா 0.0000008ன்னு வருதுங்க. விவசாயி பக்கத்துலயே உக்காந்து ஸ்கிரீனைப் பாத்துட்டிருக்காரு, அவரு முகம் வாடிப் போச்சு, நிலம் கொறஞ்சு போச்சோன்னு. லேயர் டிகிரியில இருந்துச்சுங்க, ஈபிஎஸ்ஜி 4326. அந்த ஃபங்ஷன் டிகிரியையே நீளம்னு எடுத்து பெருக்கிக் குடுத்துருச்சு. டாலர் குறி போட்டு வர்ற ஏரியாவைப் போட்டா அது புராஜெக்ட்ல குடுத்திருக்கற எலிப்சாய்டை, அதாவது பூமியோட உருண்டை வடிவத்தை, வச்சு கணக்கு போடும், 9712 வந்துச்சு. அவருகிட்ட அதைக் காட்டுனப்பறம்தான் டீயைக் குடிச்சாரு.

இன்னொண்ணு, நம்ம ஊரு யூடிஎம் ஜோன், பூமியைப் பட்டை பட்டையா பிரிச்சு நம்பர் குடுத்து மீட்டர்ல அளக்கற முறைங்க. 78 டிகிரி கோடு மாநிலத்துக்கு நடுவுல போகுதுங்க. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு எல்லாம் 43, கரூர் தாண்டி திருச்சி, சென்னை எல்லாம் 44. எல்லையில வேலை செய்யறப்ப ஒரே கெணத்துக்கு நம்ம பையன் 8 லட்சத்துச் சொச்சம்னு கிழக்கு எண்ணைக் குடுப்பான், அந்தப் பக்கத்து டீம் 1 லட்சத்து 70 ஆயிரத்துச் சொச்சம்னு குடுப்பாங்க. ரெண்டு பேரும் சரிதானுங்க. ஜிபிஎஸ்ல என்ன ஜோன்னு நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க.

லேப்ராணி:

சின்னதா ஒண்ணு. நான் காலேஜ் லேப்ல இருக்கேன். வருசா வருசம் ஒரு பொண்ணாவது "மேடம் டூல்பாரே போச்சு"ன்னு ஓடி வரும். கன்ட்ரோல் ஷிஃப்ட் டேப் கை தவறி பட்டிருக்கும், மேப் மட்டும் நிக்கும், திரும்ப அதையே அடிச்சா எல்லாம் வந்துடும். ஒரே ஒரு டூல்பார் மட்டும் காணோம்னா டூல்பார் பக்கத்துல காலி இடத்துல ரைட் கிளிக் பண்ணுங்க, லிஸ்ட் வரும், டிக் போட்டா போதும். ஒரு பையன் இதுக்காக அன்இன்ஸ்டால் பண்ணி திரும்ப ஏத்தினான், அப்பவும் வரல, ஏன்னா அந்த செட்டிங் யூசர் புரொஃபைல்ல இருக்கு, சாஃப்ட்வேரை எடுத்தாலும் அது போகாது. வீட்டு நெட்ல ராத்திரி முழுக்க டவுன்லோட் போட்டிருக்கான் பாவம், முன்னாடியே என்கிட்ட கேட்டிருக்கலாம்.

கண்மாய்க்கரை:

எல்லாருக்கும் நன்றி. பனங்கூடல் அக்கா சொன்ன லேபிள் கணக்கை எங்க ஆபீஸ் சுவத்துல எழுதி ஒட்டப் போறேன்.

லேயர் மேல நிக்கிறதைப் பத்தி மேல எழுதினேன்ல, அதுல இன்னொண்ணு விட்டுப் போச்சு. செலக்ட் பண்ணினது எதுன்னும் பாக்கணும். ஒரு தடவை தப்பா வரைஞ்ச ஒரு மடையை அழிக்கணும்னு ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டு செலக்ட் பண்ணி டெலீட் செலக்டட் அமுக்கினேன். திரைக்கு வெளியவும் செலக்ட் ஆகியிருக்கு, தொடரலாமான்னு கேட்டுச்சு, வாசிக்காம "ஆமா"ன்னு குடுத்துட்டேன். காலையில வேற வேலைக்காக செலக்ட் பண்ணி விட்டிருந்த 31 மடையும் சேந்து போச்சு. நல்லவேளை லேயரை சேவ் பண்ணல, கன்ட்ரோல் இசட்ல எல்லாம் திரும்ப வந்துச்சு. இப்ப எதை அழிக்கிறதுக்கு முன்னாடியும் டீசெலக்ட் பட்டனை ஒருதடவை அமுக்கி மஞ்சளையெல்லாம் போக்கிட்டுத்தான் புதுசா செலக்ட் பண்றேன்.

போன மாசம் நடந்ததையும் எழுதிடுறேன். ஒரு கண்மாய்க்கு லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய், அந்த ஊரு நீர்பாய்ச்சி தாத்தாகிட்ட கரையிலயே உக்காந்து காட்டினேன். ஐடென்டிஃபை டூலால ஒவ்வொண்ணா கிளிக் பண்ணிப் பேரு வாசிக்க வாசிக்க அவரு தலையாட்டிக்கிட்டே வந்தாரு. கலுங்கு வந்ததும், "இது இங்க இல்லப்பு, இது பழைய உடைப்பு, மண்ணைப் போட்டு அடைச்சது, கலுங்கு அந்தா அந்தப் புளியமரத்துக்குக் கீழ"ன்னாரு. சேட்டிலைட் படத்துல புளியமர நிழல் அதை மறைச்சிருக்கு, நான் உடைப்பைப் பாத்து கலுங்குன்னு போட்டுட்டேன். ரெண்டு பேரும் நடந்து போய்ப் பாத்தோம், கருங்கல் கட்டு, கால் வச்சா வழுக்குது. திரும்பி வந்து கலுங்கு லேயர் மேல கிளிக் பண்ணி, பென்சிலை ஆன் பண்ணி, வெர்டெக்ஸ் டூலால புள்ளியைப் பிடிச்சு புளியமரத்துக்கு நகத்தினேன். எவ்வளவு தூரம் தள்ளிப் போட்டிருந்தேன்னு மெஷர் பண்ணிப் பாத்தேன், 140 மீட்டர். தாத்தா ஸ்கிரீன்ல விரலை வச்சு, "இன்னும் சித்த தெக்க"ன்னாரு. சித்த தெக்க நகத்தினேன். "ம், இப்ப சரி"ன்னாரு. சேவ் லேயர் எடிட்ஸ் அமுக்கிட்டு, அட்ரிபியூட்ல யார் சொன்னதுங்குற கட்டத்துல அவரு பேரை எழுதி வச்சேன்.