போராட்ட தேதிக்குப் பின்னால ஏதாச்சும் இருக்கா? உங்க அனுபவம் சொல்லுங்க

2017 ஜனவரி 23 விடியக்காலை ஜல்லிக்கட்டுப் போராட்டத்துல மெரினாவுல இருந்தவன் நான். ஒரு வாரமா மணல்லயே படுத்து எந்திரிச்சதுல சட்டையெல்லாம் உப்புப் பூத்துப் போச்சு. அவசரச் சட்டம் வந்துருச்சு கலைஞ்சு போங்கன்னு மைக்ல சொல்லிட்டே இருந்தாங்க, போலீஸ் கிட்ட வர வர யாரோ ஜன கண மன ஆரம்பிச்சாங்க, முடிஞ்சதும் திரும்ப முதல்லேர்ந்து, ஏன்னா அதைப் பாடுறப்ப யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை.

அப்புறம் வாட்ஸப்ல ஒரே ஃபார்வர்டு. 23 நேதாஜி பொறந்தநாளு, எதிர்ல விவேகானந்தர் இல்லம், பின்னால பெரிய குறியீடு இருக்குன்னு. நானும் நாலு குரூப்ல தட்டிவிட்டேன், இப்ப நெனச்சா சிரிப்பா வருது. அந்தக் கட்டடமே அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்த ஐஸை வைக்கக் கட்டினது, விவேகானந்தர் 1897ல ஒன்பது நாள் தங்கினதால பேர் மாறிச்சு. மூணு நாள்ல அதே காமராஜர் சாலையில குடியரசு தின அணிவகுப்பு, ரோடு வேணும், அவ்ளோதான்னு என் கணக்கு. நெசமாவே நாள் பாத்துப் பண்ணது ஏதாச்சும் உண்டா?

---

உண்டு தம்பி. நமக்கு வேதாரண்யம் பக்கம். 1930ல ராஜாஜி உப்பு எடுக்க திருச்சிலேர்ந்து கெளம்பினது ஏப்ரல் 13. வருசப் பொறப்பு, நல்ல நாளுன்னு கெளம்பிருப்பாங்கன்னுதான் ரொம்ப நாளா நெனச்சேன், அது 1919ல ஜாலியன்வாலாபாக்ல சுட்ட நாளுன்னு வாத்தியார் சொல்லித்தான் தெரியும். சோறு போட்டா, தங்க எடம் குடுத்தா ஜெயிலுன்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டுட்டார், சனங்க சோத்துப் பொட்டலத்தை ரோட்டோர மரக்கிளையில கட்டித் தொங்கவிட்டுட்டுப் போய்ட்டாங்க. எங்க அப்பாயி அவங்கம்மா சொன்னதா சொல்லும், ஆளுக்கு எட்டணும் நாய்க்கு எட்டக்கூடாது, அந்த ஒசரம் பாத்துக் கட்டுறதுதான் கஷ்டமாம்.

---

மதுரைக்காரன் நானும் சொல்லிர்றேன். 1965 ஜனவரி 26லேர்ந்து இந்தி மட்டும்தான் ஆட்சிமொழின்னு இருந்துச்சுல்ல, திமுக அந்த நாளையே துக்க நாளுன்னு அறிவிச்சாய்ங்க. குடியரசு நாள்ல கருப்புக் கொடியான்னு ஒரே சண்டை, அவமரியாதைன்னு பேர் வரக்கூடாதுன்னு துக்க நாளை முன்னாடியே வச்சுக்கிட்டாய்ங்க. 25ல இங்க மாணவர் ஊர்வலம், வடக்கு மாசி வீதியில அடிதடி. அதுக்குச் சரியா ஒரு வருசம் முன்னாடி, அதே 25ல, திருச்சியில சின்னச்சாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளிச்சார். 26 மட்டும் சும்மா வந்துச்சா, 1930ல காங்கிரஸ் பூரண சுயராஜ்யம்னு கொண்டாடின நாளை வச்சுத்தான குடியரசுக்கே நாள் குறிச்சாய்ங்க. ஒரு தேதி மேல இன்னொருத்தன் ஏறி உக்காந்துக்குறதுதான், இதுல ரகசியம் ஒண்ணுமில்ல. எங்க தாத்தா பழைய குடைத்துணியக் கிழிச்சு பேட்ஜ் குத்திட்டுப் போனாராம், பாட்டி இன்னிக்கும் அந்தக் குடைக்குத்தான் திட்டுது.

---

சோத்துப் பொட்டலம் படிச்சதும் ஒண்ணு ஞாபகம் வருது. 23 மத்தியானம் அலையோரமா மாட்டிக்கிட்டு நின்னப்ப குப்பத்துக்காரங்க போட்டுல தண்ணியும் பன்னும் கொண்டு வந்து கரைக்கு வீசினாங்க. ஒரு பாட்டில் நேரா என் நெத்தியில. மூணு நாள் வீக்கம், ஊர்ல எல்லாரும் லத்தி அடியான்னு மரியாதையா கேட்டாங்க, நான் ஆமான்னும் சொல்லல இல்லன்னும் சொல்லல.