பெரிய வீடு குழு: பத்திரிகையில் பட்டம் போடுவது பற்றி

அப்பா, காலை 7:04
அச்சகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்துவிட்டது. படத்தை மேலே போட்டிருக்கிறேன். இன்று மாலை 6 மணிக்குள் திருத்தம் சொல்லாவிட்டால் இந்த வாரம் அச்சேறாது என்கிறார்கள். அவரவர் பெயரை அவரவர் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

மாமா, காலை 7:09
அத்தான், என் தலைப்பெழுத்து ‘சு’ அல்ல, ‘சொ’.

அத்தை, காலை 7:11
பார்த்தேன். என் பெயருக்குப் பின்னால் பி.யு.சி. இந்த முறையும் இல்லை.

சித்தி, காலை 7:12
மதினி, காலையிலேயேவா?

அத்தை, காலை 7:14
1974-இல் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பில் சேர்ந்து, இந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். தம்பியின் கல்யாணப் பத்திரிகையிலும் அது விட்டுப்போயிற்று. நினைவூட்டினேன், அவ்வளவுதான்.

பெரியப்பா, காலை 7:36
மாதிரியை இரண்டு முறை படித்தேன். மணமகள் அபிராமியின் பெயருக்குப் பின்னால் ‘பி.வோக்., எம்.பி.ஏ.’ என்றும், நம் முத்துக்குமாரின் பெயருக்குப் பின்னால் ‘பி.பி.எம்.’ என்றும் இருக்கிறது. என் நினைவில் அவன் படித்தது பி.பி.ஏ. இரண்டும் வணிக நிர்வாகவியல் சார்ந்த பட்டங்களே என்றாலும், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு பெயரை வைத்துக்கொண்டிருந்ததால், சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதைத்தான் அச்சிட வேண்டும். முத்து, பட்டச் சான்றிதழைப் படமெடுத்து இங்கே அனுப்பு. மதிப்பெண் பட்டியல் வேண்டாம், பட்டச் சான்றிதழ்.

முத்து, காலை 8:20
பி.பி.ஏ.தான், பெரியப்பா. சான்றிதழ் கடையில் இருக்கிறது.

பெரியப்பா, காலை 8:21
பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவிலா?

நான், காலை 8:30
தம்பி, கடை திறந்து அரை மணி நேரமாகிறது. படத்தை அனுப்பிவிடு, அப்பா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறார்.

முத்து, காலை 8:52
பெரியப்பா, எல்லோரும் இருக்கும் இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பட்டச் சான்றிதழ் வரவில்லை. 2014-இல் சேர்ந்து 2017-இல் படிப்பை முடித்தேன். முதன்மைப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேர்ச்சி பெற்றேன். சுற்றுச்சூழல் கல்வி என்ற ஒரு தாள் மட்டும் நிலுவையில் இருக்கிறது. கடைக்குப் பட்டம் தேவைப்படவில்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

அம்மா, காலை 8:53
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா, காலை 8:55
முத்து, நீ வீட்டுக்கு வா.

சித்தப்பா, காலை 8:57
காஸ்டிங் என்ற செலவுக் கணக்குப் பாடத்தில் தேறியவன் மரம் நடுகிற பாடத்திலா விழுந்தான்?

முத்து, காலை 9:01
சித்தப்பா, இரண்டாம் பருவத்தில் அந்தத் தேர்வு நடந்த அன்றுதான் உங்கள் வீட்டுப் பால்காய்ப்பு. பந்தல் சாமானை இறக்கி வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனபோது வாயிற்கதவைச் சாத்திவிட்டார்கள்.

சித்தி, காலை 9:02
நாங்கள் யாரும் உன்னை இறக்கச் சொல்லவில்லை.

முத்து, காலை 9:02
சித்தப்பா சொன்னார்.

பெரியப்பா, காலை 9:04
அடுத்த முறை எழுதினாயா?

முத்து, காலை 9:08
எழுதினேன். அதன் மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

பெரியப்பா, காலை 9:40
பெரிதாக்கிப் பார்த்தேன். அகமதிப்பீட்டில் 25-க்கு 19, எழுத்துத் தேர்வில் 75-க்கு 28, அதற்கு நேராக ‘ஆர்.ஏ.’, அதாவது மீண்டும் எழுத வேண்டும். கூட்டினால் 47 வருகிறதே, 40 தானே தேர்ச்சி என்று யாரும் கேட்க வேண்டாம். மொத்தத்தில் 40 விழுக்காடு இருந்தால் போதாது, எழுத்துத் தேர்வில் தனியாகவும் 40 விழுக்காடு வேண்டும். 75-க்கு அது 30. இரண்டு மதிப்பெண்ணில் போயிருக்கிறது. அப்போதே மறுகூட்டலுக்கு விண்ணப்பித்திருக்கலாம். தேர்வுப் பிரிவில் 34 ஆண்டுகள் உட்கார்ந்திருந்த பெரியப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியப்பா, காலை 9:58
இனிப் பட்டத்துக்கான தகுதி என்ன என்பதைச் சொல்கிறேன். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பி.பி.ஏ. உள்ளிட்ட இளநிலைப் படிப்புகள் ஐந்து பகுதிகளாக இருக்கின்றன. முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவது பகுதியில்தான் மேலாண்மைக் கோட்பாடுகள், நிதிக் கணக்கியல், சந்தையியல், மனிதவள மேலாண்மை முதலான முதன்மைப் பாடங்களும், வணிகப் புள்ளியியல், பொருளியல் போன்ற துணைப் பாடங்களும் வருகின்றன. நான்காவதில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி போன்றவையும், ஐந்தாவதில் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு என ஏதேனும் ஒரு விரிவாக்கப் பணியும் அடங்கும். எல்லாம் சேர்ந்து பொதுவாக 140 கிரெடிட், அதாவது தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பலகு. முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்பதை மூன்றாம் பகுதியை வைத்தே முடிவு செய்வதால், பையன்கள் நான்காம் பகுதியை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. ஆனால் வகுப்பு வேறு, பட்டம் வேறு. ஐந்து பகுதியும் முடிந்தால்தான் பட்டம். முத்துவிடம் இருப்பது 138 கிரெடிட்.

மாமா, காலை 10:02
நாங்கள் படித்த காலத்தில் சுற்றுச்சூழல் என்று ஒரு பாடமே இல்லையே, அத்தான். யார் கொண்டுவந்தது?

பெரியப்பா, காலை 10:15
உச்ச நீதிமன்றம். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், கல்வி நிலையங்களில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991-இல் உத்தரவிட்டது. அதைப் பின்பற்றி, எந்தப் பிரிவில் இளநிலை படித்தாலும் ஆறு மாத காலப் பாடம் ஒன்று உண்டு என்று யூ.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, பாடத்திட்டம் வகுத்தது. ஆகவே கல்லூரி முதல்வரே நினைத்தாலும் இதில் விலக்குத் தர முடியாது.

சித்தப்பா, காலை 10:17
அண்ணன் சட்டம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். 2009-உம் இனி வரும்.

பெரியப்பா, காலை 10:24
நீ எடுத்ததால் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009-இல் அரசாணை 107 வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, முதலில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதி முடி என்று உன்னிடம் நான் சொன்னேனா இல்லையா? எந்த வரிசையில் படித்தோம் என்பதையும் பார்ப்பார்கள்.

சித்தப்பா, காலை 10:25
சொன்னீர்கள். படிவத்துக்குப் பணம் தரவில்லை.

அத்தை, காலை 10:26
இருவரும் நிறுத்துங்கள். எனக்கு ஒரு சந்தேகம். பி.வோக். என்றால் என்ன? ஐ.டி.ஐ. மாதிரியா? பெண் வீட்டார் பட்டம் என்று சொன்னார்களே.

முத்து, காலை 10:28
அத்தை, அது முழுப் பட்டம். அதற்கு மேல்தான் அவள் எம்.பி.ஏ. படித்தாள்.

பெரியப்பா, காலை 10:51
முத்து சொல்வது சரி. தொழிற்கல்வி இளநிலைப் பட்டம் என்று அதற்குப் பொருள், 2014-இல் யூ.ஜி.சி. கொண்டுவந்த திட்டம். மூன்றாண்டுகளுக்கு 180 கிரெடிட்; அதில் 108 கைத்திறனுக்கும் தொழில் பயிற்சிக்கும், 72 மொழி முதலான பொதுக் கல்விக்கும். அதன் சிறப்பு என்னவென்றால், ஓராண்டோடு நின்றால் டிப்ளோமா, இரண்டாண்டோடு நின்றால் உயர்நிலை டிப்ளோமா, மூன்றாண்டும் முடித்தால் பட்டம். நடுவில் நின்றவரும் வெறுங்கையோடு போவதில்லை. நம் முத்துவின் படிப்பில் அந்த ஏற்பாடு இல்லை. 138 கிரெடிட் வாங்கியும் கையில் ஒன்றுமில்லை. ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்கிற போட்டித் தேர்வுகளுக்கு பி.வோக். செல்லும் என்று யூ.ஜி.சி. தெளிவுபடுத்தியும் இருக்கிறது.

அத்தை, காலை 10:53
அப்படியென்றால் பெண் எதில் கைத்திறன் பெற்றிருக்கிறாள்?

அம்மா, காலை 10:58
உணவுப் பதப்படுத்துதல், மதினி. பெண் பார்க்கச் சங்கரன்கோவில் போன அன்று, நாம் கொண்டுபோன மிக்சர் பொட்டலத்தைத் தட்டில் கொட்டுவதற்கு முன் திருப்பி, பொதிந்த தேதியையும் என்ன எண்ணெய் என்பதையும் படித்தாள். அப்புறம்தான் பிரித்தாள். எனக்கு அன்றே பிடித்துப்போயிற்று.

சித்தி, காலை 10:59
அது என்ன எண்ணெய்?

அம்மா, காலை 11:00
பாமாயில். உங்கள் வீட்டுக்காரர் வாங்கி வந்த மிக்சர்தான்.

மாமா, காலை 11:03
பி.வோக். படித்தவர்களை எம்.பி.ஏ.வில் சேர்த்துக்கொள்வார்களா? வணிகவியல் படித்தவர்களுக்குத்தானே அது?

நான், காலை 11:10
எந்தப் பாடம் படித்திருந்தாலும் சேரலாம், மாமா. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு குறைந்தது மூன்றாண்டுப் பட்டமும், அதில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 போதும். அபிராமி அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதிக் கலந்தாய்வு மூலம்தான் சேர்ந்தாள்.

அப்பா, மதியம் 12:32
இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். பி.பி.ஏ. என்று போடலாமா, கூடாதா?

சித்தப்பா, மதியம் 12:34
போடுங்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சான்றிதழையா சரிபார்க்கப் போகிறார்கள்?

பெரியப்பா, மதியம் 12:49
கூடாது. 1956-ஆம் ஆண்டு யூ.ஜி.சி. சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும்தான் உண்டு, அச்சகத்துக்கு இல்லை. பிறகு முத்து வங்கியில் கடன் கேட்டாலும், நாளை அவனே எம்.பி.ஏ. படிக்க நினைத்தாலும், பத்திரிகையைக் காட்டிச் சேர முடியாது.

மாமா, மதியம் 12:52
‘பி.பி.ஏ.’ என்று போட்டு அடைப்புக்குறிக்குள் சுற்றுச்சூழல் நீங்கலாக என்று போடலாமே. முன்பெல்லாம் ‘பி.ஏ. (ஃபெயில்)’ என்று பெயர்ப்பலகையே வைத்தார்கள்.

அம்மா, மதியம் 12:53
அண்ணன், இது விளையாட்டு நேரமில்லை.

மாமா, மதியம் 12:56
சரி, விளையாடவில்லை. இன்னொன்று பார்த்தீர்களா? ‘திருவளர்செல்வன்’ என்று அடித்திருக்கிறார்கள். முத்துதான் வீட்டில் கடைசிக் கல்யாணம். ‘திருநிறைச்செல்வன்’ என்று வர வேண்டும். பின்னால் குறைந்தாலும் முன்னால் நிறைவாக இருக்கட்டும்.

அத்தை, மதியம் 12:58
இது சரியான திருத்தம். குறித்துக்கொள், தம்பி.

நான், பிற்பகல் 1:20
பெரியப்பா, இப்போது தேர்வு எழுதி முடிக்க வழி இருக்கிறதா?

பெரியப்பா, பிற்பகல் 2:41
சாப்பிட்டுவிட்டுப் பழைய நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினேன். படிப்புக்கு உரிய ஆண்டுகளோடு மேலும் இரண்டு ஆண்டுகள், விதிவிலக்கான சூழலில் இன்னும் ஓர் ஆண்டு என்று யூ.ஜி.சி. வழிகாட்டுதல் ஒரு வரம்பு வகுத்திருக்கிறது. முத்துவின் கணக்கில் அது 2019-இல், மிஞ்சினால் 2020-இல், முடிந்துவிட்டது. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் பழைய நிலுவைக்காரர்களுக்கு அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு என்று அறிவிப்பதுண்டு. தாள் ஒன்றுக்கான கட்டணத்துடன் தனியாகவும் ஒரு தொகை கேட்பார்கள். அறிவிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும்; வந்ததும் பழைய பாடக் குறியீட்டுக்கு இணையான புதிய குறியீட்டைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தேறினால் முதலில் தற்காலிகச் சான்றிதழ், பின்னர் பட்டமளிப்பு விழாவில் பட்டம். நேரில் போக வேண்டியதில்லை, தபாலிலும் வாங்கலாம்.

முத்து, பிற்பகல் 2:50
எழுதுகிறேன், பெரியப்பா.

அம்மா, பிற்பகல் 3:05
அது இருக்கட்டும். பெண் வீட்டாரிடம் இதை யார் சொல்வது?

முத்து, பிற்பகல் 3:11
அபிராமிக்குத் தெரியும். இரண்டாவது முறை பேசியபோதே சொல்லிவிட்டேன். அவள் படித்த சுற்றுச்சூழல் புத்தகத்தை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள்.

சித்தி, பிற்பகல் 3:12
அவளுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

அத்தை, பிற்பகல் 3:15
நல்ல பெண். அப்படியென்றால் இருவர் பெயரோடும் பட்டம் வேண்டாம். வெறும் பெயர் போட்டாலே பத்திரிகை அழகாக இருக்கும்.

அப்பா, பிற்பகல் 3:31
இப்போதுதான் சம்பந்தியிடம் பேசினேன். கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைத்து, போன ஆண்டுதான் கடைசித் தவணையைக் கட்டினாராம், எம்.பி.ஏ. கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறார். பெண்ணுக்கு இரண்டு பட்டம், நம் பையனுக்கு ஒன்றுமில்லை என்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

பெரியப்பா, பிற்பகல் 3:40
உண்மையை நினைப்பார்கள். அந்தப் பெண்ணின் உழைப்பை நம் பையனின் இரண்டு கிரெடிட்டுக்காக மறைப்பது முறையல்ல. அவளுக்குப் போடுங்கள், இவனுக்கு விட்டுவிடுங்கள்.

சித்தப்பா, பிற்பகல் 3:42
வேண்டுமானால் ‘தொழிலதிபர்’ என்று போடுவோம். அதற்குத் தேர்வு கிடையாது.

முத்து, பிற்பகல் 3:43
எனக்கு அதுவும் வேண்டாம்.

மாமா, பிற்பகல் 3:50
எனக்குத் ‘தொழிலதிபர்’ பிடித்திருக்கிறது. ஹார்டுவேர் கடை தொழில்தானே?

அம்மா, மாலை 4:15
முத்துவின் பெரியப்பா சொல்வதே எனக்கும் சரியாகப் படுகிறது.

சித்தி, மாலை 4:20
pattu velai mudinjuthaa?

பெரியப்பா, மாலை 4:22
இந்தக் குழுவில் தமிழில் மட்டும் எழுத வேண்டும் என்று ஏன் விதி வைத்தோம் என்பதை மறந்துவிட்டாயா, அம்மா? உன் வீட்டுக்காரர் ‘பட்டு வேட்டி’யை ஆங்கில எழுத்தில் படித்துப் ‘பத்து வேட்டி’ வாங்கி வந்த பிறகுதான் வைத்தோம்.

சித்தப்பா, மாலை 4:24
அதில் நான்கு இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. கல்யாணத்துக்கு ஆகும்.

அத்தை, மாலை 5:10
முடிவு என்ன? பெண்ணுக்கு உண்டு, பையனுக்கு இல்லை என்பதா? தொழிலதிபரா? அப்படியே என் பி.யு.சி.?

மாமா, மாலை 5:12
என் ‘சொ’?

நான், மாலை 5:38
அப்பா அச்சகத்துக்குப் புறப்பட்டுவிட்டார். மாதிரித் தாளில் பேனாவால் ஏதோ திருத்தி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்ன திருத்தினார் என்று பார்க்கவில்லை.

பெரியப்பா, மாலை 5:39
உடனே அவனைக் கூப்பிடு.

நான், மாலை 5:41
கூப்பிட்டேன், பெரியப்பா. கைபேசி மேசை மேல்தான் ஒலிக்கிறது.