காங்கேசன்துறையில் இறங்கினால் சிம் எங்கே வாங்குவது?

திருச்சிக்காரி

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவோடு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை வருகிறேன். ஐந்து நாள் யாழ்ப்பாணத்தில் தங்கல். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் கட்டாயம், முடிந்தால் நெடுந்தீவு. கொழும்புப் பக்கமே போகவில்லை.

தேடிப் பார்த்தால் எல்லோரும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கவுண்டர் இருக்கிறது, அங்கேயே சிம் வாங்கு என்கிறார்கள். கப்பலில் வருகிறவர்களுக்கு யாரும் எதுவும் எழுதக் காணோம். இந்திய சிம்மிலேயே ரோமிங் போடலாம் என்றால் விலையைப் பார்த்து மனசு வரவில்லை. ஆனால் வங்கி ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும், கழற்றவும் பயம். அம்மாவுக்குத் தினம் சாயங்காலம் பேத்தியை வீடியோவில் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் சோறு இறங்காது. எங்கே, எந்த சிம், கையில் என்ன வைத்திருக்க வேண்டும்?

பழைய ரீலோட் கடை

தங்கச்சி, நான் யாழ் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினொரு வருடம் கடை வைத்திருந்தவன். கடை போய்விட்டது, வாய் போகவில்லை. நீங்கள் ரீசார்ஜ் என்பதை நாங்கள் ரீலோட் என்போம். அதை முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

காங்கேசன்துறையில் சிம் தேடி அலைய வேண்டாம். பஸ்ஸோ ரயிலோ பிடித்து நகரத்துக்கு வாருங்கள். கம்பனிகளின் சொந்தக் கிளைகள் நகரத்திலேயே இருக்கின்றன, யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். கடவுச்சீட்டைக் கையோடு கொண்டு போங்கள், போட்டோக் கொப்பி போதாது. தங்குமிட விலாசத்தையும் எழுதி வைத்திருங்கள். சின்னக் கடையில் சிம் வாங்காதீர்கள். நானும் சின்னக் கடைக்காரன்தான், அதனால்தான் சொல்கிறேன். சில இடங்களில் வேறு யாருடையவோ பெயரில் பதிந்த சிம்மைத் தூக்கித் தந்துவிடுவார்கள். ரீலோட் போடத்தான் சின்னக் கடை. நம்பரையும் தொகையையும் சொன்னால் போதும்.

நம்பர் 077, 076, 074 என்று தொடங்கினால் டயலொக் கம்பனி. 071, 070 மொபிட்டெல். 078, 072 ஹட்ச். 075 முன்பு ஏர்டெல். ஊரில் ஏர்டெல் வைத்திருக்கிறேன், இங்கேயும் அதே சிம் ஓடும் என்று நினைத்து வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன். பெயர் ஒன்று, அவ்வளவுதான். 2024இல் இங்கத்தைய ஏர்டெலை டயலொக் வாங்கியும்விட்டது. தீவுக்குப் போவதென்றால் எனக்கு டயலொக் அல்லது மொபிட்டெல்.

இனி முக்கியமான விஷயம். டேட்டா பொதியில், அதாவது நீங்கள் பேக் என்பதில், முப்பது ஜிபி என்று பெரிதாகப் போட்டிருக்கும். கீழே சின்ன எழுத்தில் பாதி 'எனிடைம்', பாதி 'நைட் டைம்' என்று இருக்கும். அந்த இரவுப் பங்கு நள்ளிரவுக்குப் பிறகுதான் திறக்கும். லண்டனிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் பெரிய பொதி போட்டார். அடுத்த நாள் பின்னேரம் வேர்த்து விறுவிறுத்து வந்து, "தம்பி, என்னை ஏமாத்திப்போட்டீர்" என்றார். வாங்கிப் பார்த்தேன். பகல் டேட்டா முழுதும் முடிந்து, பிரதான மீதியையும் (மெயின் பேலன்ஸ்) தின்று துடைத்திருந்தது. இரவு டேட்டா தொட்டதும் இல்லை, பட்டதும் இல்லை. மனுஷன் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறவர்! உங்கள் அம்மாவும் சாயங்காலம்தானே பேசப் போகிறார்? "பகலில் எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வாட்ஸ்அப்புக்கு மட்டும், யூடியூபுக்கு மட்டும் என்றும் பொதிகள் உண்டு. அவற்றில் வரைபடம் திறக்காது.

சிம் போட்டதும் கடையை விட்டு ஓடாதீர்கள். வைஃபையை அணைத்துவிட்டு வாசலில் நின்று பேத்திக்கு ஒரு வீடியோ அழைப்பு எடுத்துப் பாருங்கள். 2002 போர்நிறுத்தத்துக்கு முன் வெளிநாட்டுக்குக் கதைக்க நாங்கள் கொமினிகேஷன் கடை வாங்குப் பலகையில் குந்தியிருந்து மணிக்கணக்கில் காத்திருந்தோம். நீங்கள் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

ஸ்காபரோ சுகி

அண்ணை சொன்னது சரி. ஓடிபி பற்றி நான் சொல்கிறேன். இரண்டு சிம் போடுகிற போன் என்றால் இந்திய சிம்மைக் கழற்றவே வேண்டாம். வெளிக்கிட முன்னமே சர்வதேச ரோமிங்கைத் திறந்து வைத்துவிட்டு, அந்த சிம்மின் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து விடுங்கோ. டேட்டாவுக்கு இலங்கை சிம். வாட்ஸ்அப் புது நம்பருக்கு மாறவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கோ. நான் ஒருமுறை யோசிக்காமல் ஓம் என்று அழுத்தி, கனடாவில் இருக்கிற அவ்வளவு பேருக்கும் என் நம்பர் மாறிவிட்டதாகச் செய்தி போய், மாமி பதறிப்போனா.

உங்கள் யுபிஐ 2024 பெப்ரவரியிலிருந்து இலங்கையிலும் ஓடுகிறது. ஆனால் அதை நம்பி வெறுங்கையோடு தோசைக்கடைக்குப் போகாதேங்கோ.

நெடுந்தீவான்

தனுஷ்கோடியில் நின்றால் உங்கள் போனில் இலங்கை சிக்னல் வரும் அல்லவா, இங்கே கரையோரம் நின்றால் சில வேளை அது தலைகீழாக நடக்கும். நெட்வொர்க் தேர்வைத் தானாக விடாமல் கையால் போட்டு வையுங்கோ. குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து எங்களுக்கு ஒரு மணி நேரப் படகு, நயினாதீவுக்குக் கால் மணி. வரைபடத்தைப் படகில் ஏற முன்னமே இறக்கி வைத்தால் நல்லது. ஆம்புலன்சுக்கு 1990, காசில்லை. அம்மாவோடு வருகிறீர்கள், குறித்து வையுங்கோ.

திருச்சிக்காரி

போய் வந்தாயிற்று, எல்லோருக்கும் நன்றி. கிளையில் என் கடவுச்சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் 077 சிம் தந்தார்கள். பகலில் எவ்வளவு என்று கேட்டதும் அந்தத் தம்பி சிரித்துவிட்டு, முதலில் நீட்டிய அட்டையை மடித்து வைத்து வேறொன்றை எடுத்தார். ரீலோட் கடை அண்ணாவுக்கு ஒரு கும்பிடு. ஓடிபி இரண்டும் ஒழுங்காக வந்தன.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. நம்பர் முன்பு வேறு யாரிடமோ இருந்திருக்கிறது. நயினாதீவுப் படகுத்துறையில் அம்மா பேத்தியோடு பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஓர் அழைப்பு. "அண்ணை, மணல் லோட் எப்ப வரும்?" அம்மா துண்டிக்கவில்லை. "தம்பி, நாங்க திருச்சி, கோயிலுக்கு வந்தோம்" என்று ஆரம்பித்தார். அவர் வீடு கட்டுவது, மழைக்கு முன் தளம் போட வேண்டியது எல்லாம் கேட்டு முடிக்கவும் படகு வந்துவிட்டது. திரும்பி வரும் வரை மூன்று முறை, "அந்தப் பிள்ளைக்கு மணல் வந்துச்சோ என்னமோ" என்றார்.