தாத்தாவின் மான் தலை: பழுதுபார்க்க எவ்வளவு ஒதுக்கலாம்?

வணக்கம். பினாங்கு, குளுகோரில் இருக்கிறேன். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த தாத்தா 1968-இல் சுட்ட கடமானின் பாடம் செய்த தலை எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. ஆறு மாதமாக முடி கொட்டுகிறது. இடது காது வெடித்து உள்ளே வைக்கோல் தெரிகிறது. தோல் சுருங்கியதில் கண்ணாடிக் கண் ஒன்று பிதுங்கி நிற்கிறது. தினமும் கீழே மாவு போலத் தூள், புழுவின் வேலைதான்.

அந்துருண்டை போட்டு மூடி வைத்தேன், பலனில்லை. உறையவைத்தால் புழு சாகும் என்றார்கள். சரி, ஃபிரீசரில் வைக்கலாமென்றால் கொம்பு நுழையவில்லை! அந்தக் காலத்தில் தோலுக்கு ஆர்செனிக் பூசுவார்கள் என்பதால் நான் வெறுங்கையால் தொடுவதில்லை. அம்மாதான் தீபாவளிக்குத் தீபாவளி துடைப்பதை விடமாட்டேன் என்கிறார்.

கோலாலம்பூரில் ஒருவர் படம் பார்த்தே 1,500 வெள்ளி (ரிங்கிட்) என்றார். இன்னொருவர் புதுத் தோல் மாட்ட 3,200 கேட்கிறார், அனுப்பும் செலவு தனி. என் கையில் இருப்பது 2,000. பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம் அப்பா பெயரில் இருக்கிறது.

பழைய தோலையே வைத்துச் சரிசெய்தவர்களுக்கு, அனுப்பும் செலவும் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆனது?