பற்றரி மாத்தினாப் பிறகு காரின்ர செற் திறக்குதில்லை. புதுச் செற் பூட்டலாமோ? உதவி தேவை

படலையடி (யாழ்ப்பாணம்):

வணக்கம் அண்ணைமார், தம்பிமார்.

என்னட்டை இருக்கிறது 2011ஆம் ஆண்டு ஜப்பான் ஹைபிரிட் கார். போன கிழமை அதின்ர 12 வோல்ற் பற்றரி செத்துப்போச்சு. பெரிய பற்றரி இல்லை, பின் கதவுக்குள்ள வலப்பக்கம் இருக்கிற சின்னன். கராச்சில புதுசு போட்டினம். கார் ரெடிக்கு (ஓடத் தயார் எண்டு காட்டுற நிலைக்கு) வருது, ஓடுது, ஒரு குறையும் இல்லை. ஆனால் காரோட வந்த நவி செற் (வரைபடம், றேடியோ, கமராத் திரை எல்லாம் ஒண்டாய் இருக்கிறது) திறக்குதில்லை. கறுப்புத் திரையில ஜப்பான் எழுத்தில நாலு வரி, அதுக்குக் கீழ ஒரு இலக்கம். எந்தப் பட்டனை அமத்தினாலும் அதே நாலு வரிதான்.

பாட்டில்லாமல் ஓடலாம். றிவேர்ஸ் கமரா இல்லாமல் ஏலாது. எங்கட ஒழுங்கை ரெண்டு பக்கமும் மதில். படலையில இருந்து பின்பக்கமாய்த்தான் றோட்டுக்கு எடுக்க வேணும். பக்கத்து வீட்டில சின்னப் பிள்ளையள் மூண்டு பேர், கார் ஸ்ராட் பண்ணினாலும் சத்தம் வராது. கமரா இருக்கிற தைரியத்திலதான் இவ்வளவு காலமும் எடுத்தனான்.

கடையில கேட்டால், "அதை எறிஞ்சுபோட்டு அன்ட்ரொயிட் செற் போடுங்கோ" எண்டினம். பழசைத் திறக்க வழி இருக்கோ? புதுசு போட்டால் கொம்பனிக் கமரா வேலை செய்யுமோ? ஸ்ரியறிங்கில இருக்கிற பட்டன்கள்?

வயர்மன் (வவுனியா):

தம்பி, செற் பழுதில்லை. பூட்டுப்பட்டிருக்கு. ஜப்பானில இருந்து வந்த கன செற்றில வரைபட எஸ்டி கார்ட் எண்டு ஒண்டு இருக்கும். கரண்ட் அறுந்து திரும்ப வரேக்க செற் அந்தக் கார்டைத் தேடும். இல்லையெண்டால் களவெடுத்த செற் எண்டு நினைச்சுப் பூட்டிக்கொள்ளும். எங்கட நாட்டுக்கு வரமுதலே கனபேர் அந்தக் கார்டைக் கழட்டிப்போடுவினம். பற்றரி உயிரோட இருக்குமட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. உங்கட கராச்காரரில பிழை சொல்ல ஏலாது, ஆர் பற்றரி மாத்தியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

கீழ இருக்கிற அந்த இலக்கத்தை முதல்ல வடிவாய்ப் படம் எடுத்து வையுங்கோ. அதை வைச்சுத் திறந்து தாற ஆக்கள் கொழும்பில இருக்கினம். ஆனால் எந்த இலக்கத்தையும் நீங்களாய் அடிச்சுப் பாக்காதேங்கோ.

திறந்தாலும் ஒண்டை யோசியுங்கோ. அடுத்தமுறை பற்றரி இறங்கினால் திரும்பவும் இதே கதைதான்.

மட்டுநகர் (மட்டக்களப்பு):

எனக்கும் இதே பிரச்சினை வந்தது. திறந்து எடுத்தேன், மூன்று வருடம் பாவித்தேன். ஆனால் றேடியோவில் மனம் நிறையவில்லை. அந்தக் காலத்து ஜப்பான் செற்றுகள் 76 தொடக்கம் 90 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும்தான் எடுக்கும். நம்மட தமிழ் நிலையங்கள் பலதும் 100க்கு மேலே. இடையில் ஒரு பாண்ட் எக்ஸ்பாண்டர் போட்டுத்தான் கேட்க வேண்டும். அது வருகிற அலையை 20 மெகாஹேர்ட்ஸ் அளவுக்குக் கீழே இறக்கிக் கொடுக்கும், 104இல் இருப்பது 84இல் கேட்கும். கேட்குமே தவிர, ஊர்ப்பக்கம் போனால் இரைச்சல்தான், சில இடத்தில் ஒரு நிலையத்துக்கு மேல் இன்னொன்று ஏறி நிற்கும். புதுச் செற் போட்ட அன்றுதான் இரைச்சல் இல்லாமல் செய்தி கேட்டேன். காசு இருந்தால் மாற்றுங்கள்.

படலையடி:

ரெண்டு பேருக்கும் நன்றி. நானும் பாண்ட் எக்ஸ்பாண்டரோடதான் கேட்டனான். அப்ப மாத்துவம் எண்டு நினைக்கிறன். 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 மாசியில திரும்ப விட்டாலும், புதுக் காரைத் தொடக்கூட எங்களால ஏலாது. இருக்கிற காரைத்தான் வடிவாய் வைச்சிருக்க வேணும். செற் வாங்கேக்க என்னத்தைப் பாக்கிறது?

வயர்மன்:

பெட்டியில 4×50 வாட்ஸ் எண்டு அடிச்சிருப்பாங்கள். அதை நம்பிக் காசு குடுக்காதேங்கோ. கார் ஓடேக்க கிடைக்கிறது 14 வோல்ற் அளவு, ஸ்பீக்கர் 4 ஓம். அந்த வோல்ற்றில ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து 20 வாட்ஸ் சொச்சம்தான் குடுக்க ஏலும், எந்த நாட்டுச் செற்றெண்டாலும் கணக்கு ஒண்டுதான். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து குடுக்கிற வாட்ஸ், எவ்வளவு எண்டு கேளுங்கோ. சொல்லத் தெரியாட்டில் வேற கடைக்குப் போங்கோ.

அளவு: சாதாரண டபிள் டின் செற் 180 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம். கன ஜப்பான் காரில ஓட்டை 200 மி.மீ. அகலம். ரெண்டு பக்கமும் வாற இடைவெளிக்குத் தனிச் சட்டம் விக்கிறாங்கள், அதைக் கேட்டு வாங்குங்கோ. ரேப் ஒட்டி அடைக்க விடாதேங்கோ.

இனி முக்கியமானது. காரின்ர வயரை வெட்ட விடாதேங்கோ. காரின்ர பிளக்கில நேர கொழுவிற மாதிரி இடைவயர் செற் வரும். அதுக்குக் குடுக்கிற காசு வீண்போகாது. புதுச் செற்றில மஞ்சள் வயர் எப்பவும் 12 வோல்ற் இருக்கிற இடத்துக்கு. சிவப்பு ஏசிசிக்கு, காரை நிப்பாட்டினால் செத்துப்போற வயர் அது. கறுப்பு பொடிக்கு, அதாவது காரின்ர இரும்பு உடம்புக்கு. நீலம் அன்ரனாவுக்கு, அதைக் கொழுவாமல் விட்டால் அன்ரனா பூஸ்ரருக்குக் கரண்ட் போகாது, எஃப்எம் இழுக்காது. ஸ்பீக்கர் வயர் ஒண்டையும் பொடியில முட்ட விடக்கூடாது, செற்றின்ர ஐசி போயிடும். காரின்ர பக்கத்தில நிறத்தை நம்பாமல் மீற்றர் வைச்சுப் பாத்துத்தான் கொழுவ வேணும்.

கமரா: சில ஜப்பான் கொம்பனியளின்ர கமரா 6 வோல்ற்றில வேலை செய்யிறது. பூட்டுற பெடியன் 12 வோல்ற்றை நேர குடுத்தால் கமரா எரிஞ்சுபோகும். இடையில வோல்ற் குறைக்கிற சின்னப் பெட்டி போடச் சொல்லுங்கோ. ஸ்ரியறிங் பட்டனுக்கு ரெண்டு வயர் இருக்கு, கொழுவினாப் பிறகு செற்றுக்குள்ள போய் ஒவ்வொரு பட்டனாய்ப் பழக்க வேணும்.

டாஷ்போட் கழட்ட முதல் 12 வோல்ற் பற்றரியின்ர மைனஸைக் கழட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கோ. மஞ்சள் பிளக் எயார்பாக், செம்மஞ்சள் கேபிள் பெரிய பற்றரியின்ர. ரெண்டிலயும் கை வைக்கக்கூடாது.

படலையடி (ஒன்பது நாளுக்குப் பிறகு):

அண்ணை, செற் பூட்டியாச்சு. 9 அங்குலத் திரை. நீங்கள் சொன்ன இடைவயர் செற்றைக் கேட்டன், இல்லை எண்டிட்டினம். வாகன உதிரிப்பாகக் கடையள் இருக்கிற கொழும்பு பஞ்சிகாவத்தையில எடுப்பிக்க நாள் போகும் எண்டு, வெட்டித்தான் கொழுவினவை. நான் பக்கத்தில நிண்டும் மறிக்கேல்லை, அது என்ர பிழை. கமராவுக்கு மட்டும் அந்தச் சின்னப் பெட்டி போடுவிச்சன். கமரா வடிவாய் வேலை செய்யுது, படலையடியில கிடந்த பிள்ளையளின்ர பந்து கூடத் தெரியுது.

இப்ப வேற பிரச்சினை. வெள்ளி பின்னேரம் நிப்பாட்டின கார். திங்கள் விடிய அஞ்சு மணிக்கு அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவம் எண்டு பாத்தால் ரெடிக்கு வருதில்லை. டாஷ்போட்டில லைற்றுகள் மங்கலாய் மினுங்கிச்சுது, உள்ளுக்குள்ள டிக் டிக் எண்டு சத்தம். ஓட்டோ பிடிச்சுத்தான் போனது. மத்தியானம் தம்பி வந்து யம்பர் வயர் போட ரெடிக்கு வந்தது. பற்றரி புதுசு, மூண்டு கிழமையும் ஆகேல்லை. பற்றரிக் கடையில போய்ச் சண்டை பிடிக்கிறதோ?

மட்டுநகர்:

அவசரப்பட வேண்டாம் தம்பி. ரெடியில் போடாமல் ஏசிசியில் வைத்துப் பாட்டுக் கேட்கிற பழக்கம் இருக்கா? ஹைபிரிட்டில் ரெடிக்கு வந்தால்தான் சின்னப் பற்றரிக்குச் சார்ஜ் ஏறும். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அமத்திவிட்டு இருந்தால் அந்தச் சின்னப் பற்றரிதான் எல்லாவற்றையும் சுமக்கும்.

படலையடி:

இல்லை அண்ணை, அப்பிடிக் கேக்கிறேல்லை. காரை நிப்பாட்டினவுடன செற்றையும் நிப்பாட்டிப்போட்டுத்தான் இறங்கிறனான். மூலையில இருக்கிற பவர் பட்டனைத் தொட்டால் திரை கறுத்துப்போகும், அது காணும் எண்டு பூட்டின பெடியன் சொன்னவன்.

வயர்மன்:

தம்பி, அந்த இடத்திலதான் கிடக்கு.

காரை நிப்பாட்டினால் செற் தானாய் நிக்க வேணும். உங்களுக்கு ஏன் கையால நிப்பாட்ட வேண்டி வருது? ஏசிசி வயரைத் தேடிப்பிடிக்கப் பஞ்சிப்பட்டு, சிவப்பையும் மஞ்சளையும் ஒண்டாய் முறுக்கி எப்பவும் கரண்ட் இருக்கிற வயரில கொழுவியிருப்பான். நீங்கள் தொட்டு நிப்பாட்டிறது திரையை மட்டும். உள்ளுக்குள்ள செற் முழிச்சுக்கொண்டுதான் கிடக்கும்.

இண்டைக்கு இரவு திரையைக் கறுப்பாக்கிப்போட்டுப் போய்ப் படுங்கோ. விடிய எழும்பிப் போய், காரை ஓன் பண்ண முதல், செற்றின்ர திரையில உள்ளங்கையை வைச்சுப் பாருங்கோ. சூடு இருந்தால் வேற சாட்சி தேவையில்லை.

படலையடி (அடுத்த நாள் விடிய):

இளஞ்சூடாய் இருக்கு அண்ணை. கண்ணாடி எல்லாம் பனியில குளிர்ந்துபோய்க் கிடக்குது, திரையில மட்டும் கை வைக்க, இப்பதான் ஆரோ பாவிச்சு வைச்ச மாதிரி இருக்கு. என்னட்டை மல்ரிமீற்றர் இருக்கு. எவ்வளவு இழுக்குதெண்டு எப்பிடிப் பாக்கிறது?

வயர்மன்:

பின் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு, அதின்ர லொக்கை ஸ்குறூ டிறைவரால "கிளிக்" எண்டு மடக்கி விடுங்கோ. கதவு சாத்தியிருக்கு எண்டு கார் நினைச்சு உள்லைற்றை நிப்பாட்டும். திறப்பை வீட்டுக்குள்ள தூர வையுங்கோ, கிட்ட இருந்தால் கார் நித்திரைக்குப் போகாது. மீற்றரின்ர சிவப்பு வயரை 10 அம்பியர் ஓட்டையில குத்தி, பற்றரியின்ர மைனஸைக் கழட்டி, மைனஸ் முனைக்கும் கழட்டின கேபிளுக்கும் இடையில மீற்றரைக் கொழுவுங்கோ. அரை மணித்தியாலம் தொடாதேங்கோ. அதுக்குப் பிறகு நிக்கிற இலக்கம்தான் கணக்கு. மீற்றர் கொழுவிக் கிடக்கேக்க தப்பித்தவறியும் காரை ரெடிக்குப் போடாதேங்கோ, மீற்றரின்ர பியூஸ் எரியும். முடிஞ்சு கேபிளைக் கொழுவினாப் பிறகு, பின் கதவுப் பட்டனை ஒருக்கா அமத்தி லொக்கைத் திறந்துபோட்டுத்தான் கதவைச் சாத்த வேணும்.

நல்ல காரில 0.03 தொடக்கம் 0.05 அம்பியருக்குள்ள நிக்கும்.

படலையடி:

0.42 அண்ணை. செற்றின்ர பின்பக்கத்து 10 அம்பியர் பியூஸை இழுத்தவுடன 0.03க்கு இறங்கிட்டுது. திரும்பக் குத்த 0.42.

வயர்மன்:

கணக்கைப் பாருங்கோ. 0.42ஐ 24ஆல பெருக்கினால் நாளுக்குப் பத்து அம்பியர் அவர் (அம்பியர்-மணித்தியாலம்). உங்கட பற்றரி முழுசாய்ச் சார்ஜ் ஆனாலே 35 அம்பியர் அவர் அளவுதான். வெள்ளியில இருந்து திங்கள் விடியக்குள்ள இருபத்தஞ்சு போயிருக்கும். பற்றரிக் கடையில ஒரு பிழையும் இல்லை, அந்த மனுசனோட சண்டைக்குப் போகாதேங்கோ. ஆனால் ஒருக்கா இவ்வளவு தூரம் இறங்கின பற்றரிக்கு ஆயுள் கொஞ்சம் குறையும்தான். இன்னொருக்கா இறங்க விடாதேங்கோ.

சிவப்பைப் பிரிச்சு எடுத்து ஏசிசியில கொழுவ வேணும். கார் நிப்பாட்டிக் கிடக்கேக்க 0, பட்டனை ஒருக்கா அமத்த 12 காட்டுற வயர்தான் அது. சிகரெட் லைற்றர் சொக்கற்றுக்குப் போற வயரிலயும் அது வரும், ஆனால் செற்றின்ர பிளக்குக்குள்ளயே இருக்கேக்க அங்க போக வேண்டியதில்லை. முறுக்கிப்போட்டு ரேப் சுத்தினதை நம்பாதேங்கோ, எங்கட வெயிலுக்குப் பசை உருகி ரேப் கழண்டுபோகும். ஈயம் வைச்சு ஒட்டி, சூட்டுக்குச் சுருங்கிற குழாய் போடச் சொல்லுங்கோ. இடைவயர் செற் கிடைச்சால் இன்னும் நல்லம்.

அதோட செற்றின்ர அமைப்புக்குள்ள போய், காரை நிப்பாட்டினாப் பிறகு எவ்வளவு நேரம் நித்திரையில இருக்கிறது எண்டதைப் பாருங்கோ. கெதியாய் ஓன் ஆகட்டும் எண்டு ரெண்டு மூண்டு நாளுக்கு விட்டிருப்பாங்கள். அதை அரை மணித்தியாலமாய்க் குறையுங்கோ. ஓன் ஆக இருபது முப்பது செக்கன் கூட எடுக்கும், எடுக்கட்டும்.

படலையடி (ஐந்து நாளுக்குப் பிறகு):

இடைவயர் செற் பஞ்சிகாவத்தையில இருந்து பஸ்ஸில வந்து சேந்தது. பூட்டின கடைக்கே கொண்டுபோனன். திறந்து பாக்க, நீங்கள் சொன்ன மாதிரியே சிவப்பும் மஞ்சளும் ஒண்டாய் முறுக்கி ஒரு ரேப்புக்குள்ள. நீல வயர் ஒண்டிலயும் கொழுவாமல் சும்மா தொங்கினது, எஃப்எம் ஏன் இரைஞ்சது எண்டும் அப்பதான் விளங்கிச்சு. வெட்டின வயரெல்லாம் ஈயம் வைச்சுத் திரும்ப ஒட்டி, பிளக்கில கொழுவித் தந்தவை. காசு வாங்கேல்லை.

இரவு மீற்றர் வைச்சன், 0.03. வெள்ளி நிப்பாட்டித் திங்கள் விடிய எடுத்தன், முதல் அமத்திலயே ரெடி. அப்பா முன்சீற்றில இருந்து ஆறு மணிச் செய்தி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தவர்.

பாண்ட் எக்ஸ்பாண்டரையும் கழட்டி எடுத்திட்டன், இனி ஆருக்கும் தேவையெண்டால் சும்மா தரலாம். பழைய செற்றை என்ன செய்ய?

வயர்மன்:

பாண்ட் எக்ஸ்பாண்டரைக் குடுங்கோ, செற்றைக் குடுக்காதேங்கோ. துணியில சுத்தி, ஸ்குறூக்களை ஒரு சின்னப் பையில போட்டு அதோட கட்டி வையுங்கோ. கார் விக்கேக்க கொம்பனிச் செற் இருக்கோ எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம். நான் படம் எடுக்கச் சொன்ன இலக்கத்தையும் ஒரு கடதாசியில எழுதி அதுக்கு மேல ஒட்டி விடுங்கோ.