பொத்துவில்–பொலிகண்டி நடைபயணம்: பதாகையில என்ன எழுதுவம்?

களுவாஞ்சிக்குடி மகள்:
தமிழ் பேசுற மக்கள்ட உரிமை கேட்டு, 2021 பெப்ரவரி 3ஆம் திகதி கிழக்கில பொத்துவிலில தொடங்கி 7ஆம் திகதி வடக்கில பொலிகண்டியில முடிஞ்ச நடைபயணத்த நினைவுகூர்ந்து, மட்டக்களப்பு காந்தி பூங்காவில சின்னப் படக்கண்காட்சி வைக்கப்போறம். முதல்நாள் நானும் எங்கட ஊரில இருந்து நடந்தனான். தடையுத்தரவு பயம் ஒருபக்கம், மழை ஒருபக்கம். பக்கத்தில வந்த அம்மாட கையில காணாமல்போன மகன்ட படம். சொப்பிங் பேக்குக்குள்ள போட்டு, மேல விழுற தண்ணிய சேலைத் தலைப்பால துடைச்சித் துடைச்சி வந்தா. குடை குடுத்தன், படத்துக்குத்தான் பிடிச்சா.

பதாகையில ஒரு வரிக்குத்தான் இடம். "தமிழர் எழுச்சி" எண்டு போடச் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல்ல. கொரோனாவில மௌத்தான முஸ்லிம்கள்ட ஜனாஸாக்கள, அந்த உடல்கள, அடக்க விடாம அரசாங்கம் எரிச்சதுக்கு எதிராவும்தானே நடந்தம்?

ஓட்டமாவடிக் காக்கா:
தங்கச்சி, அந்த நேரம் வாப்பா படுக்கையில. "நான் மௌத்தானா என்னையும் எரிப்பாங்களா மகன்?" எண்டு ஒவ்வொரு இரவும் கேட்பார். பதில் சொல்லேலாம வெளியில போய் நிப்பன். பொட்டு வச்ச பொம்புளைகள் ஜனாஸாவுக்காகக் கோஷம் போட்டு நடந்த வீடியோவக் காட்டினன். அண்டைக்குத்தான் ஒழுங்காத் தூங்கினார்.

பெப்ரவரி 25இல அடக்க அனுமதிச்சு வர்த்தமானி வந்திச்சி. வெளிநாட்டு அழுத்தமும் இருந்திச்சி, நடைபயணத்தாலதான் எண்டு சொல்லமாட்டன். ஆனா மார்ச் 5இல எங்கட மஜ்மா நகரில முதல் ஜனாஸாக்கள் அடங்கினப்ப உங்கள எல்லாரையும் நினைச்சி துஆ செஞ்சன். ஜனாஸாவ எழுதுங்க.

சித்தாண்டிப் பட்டிக்காரன்:
பிள்ள, மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையையும் விட்டுடாதீங்க. அதுவும் கோரிக்கையில இருந்திச்சி. காணி பிடிக்க வந்தவங்க வச்ச சுருக்கில என்ட சினைப்பசு மாட்டி, முன்னங்கால் எலும்பு தெரியத்தான் பட்டிக்கு வந்திச்சி. மூணாம் நாள் போயிட்டு. 2023 செப்டம்பரில சித்தாண்டியில நாங்க தொடர்போராட்டத்துக்குக் குந்தினதும் அதே தரைக்காகத்தான். பசுட கழுத்து மணி இருக்கு, கண்காட்சிக்குத் தரட்டா?

களுவாஞ்சிக்குடி மகள்:
கட்டாயம் தாங்க அண்ணா. கறலக் கழுவவேணாம், அப்படியே வைப்பம். மலையகத் தொழிலாளருக்கு 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டதையும் சேர்த்து இப்படி எழுதியிருக்கன்: "ஜனாஸாவுக்கும் காணாமல்போனவங்களுக்கும் மேய்ச்சல் தரைக்கும் தோட்டத்துச் சம்பளத்துக்கும் ஒண்டா நடந்தம்." ஒரு வரிக்குள்ள அடங்காது. துணிய இன்னும் ரெண்டு முழம் வாங்கப்போறன். காக்கா, வாப்பாவையும் கூட்டிவர ஏலுமா?