11 மாத இடைவெளிக்குப் பின் குட்டிகளை அடையாளம் காண முடியவில்லை, உதவி தேவை

வணக்கம். ஒரு நாட்டுக்குரங்குக் கூட்டத்தை ஆறு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடும் முகப்படங்களும் உண்டு. இடையில் 11 மாதம் களத்துக்குப் போக முடியவில்லை. திரும்பியதும் பெரியவற்றை ஒரே வாரத்தில் கண்டுகொண்டோம். நான்கு பெண் குட்டிகள் மட்டும் எது எது என்று தெரியவில்லை. கடைசியாகப் படம் எடுத்தபோது அவை ஐந்து மாதக் குட்டிகள். இப்போது முகமே மாறிவிட்டது. தாய் இருந்தால் அதை வைத்தே சொல்லிவிடலாம், ஆனால் இந்த நான்கின் தாய்களும் கூட்டத்தில் இல்லை.

காது ஓரங்களை ஒப்பிட்டோம். பழைய படங்களில் குட்டிகள் தாயின் வயிற்றோடு ஒட்டியிருப்பதால் காது தெரியவில்லை. முகம் அறியும் மென்பொருள் படத்துக்குப் படம் வேறு பதில் தருகிறது. அப்புறம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து, மொத்தம் 40 மணி நேரம், யாரிடம் பேன் பார்த்துக்கொள்கின்றன என்று குறித்தோம். இரண்டு குட்டிகள் ஒரே குடும்பத்தோடு நெருக்கம். அந்தக் குடும்பத்தில் காணாமல் போன இரு தாய்களும் அக்கா தங்கை, அதனால் இதுவும் பிரித்துக் காட்டவில்லை. தாய்களின் மல மாதிரியும் இல்லை, மரபணுச் சோதனைக்கு வழியில்லை.

இந்த இனத்தில் மகள்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்குகின்றன, அவற்றின் தரநிலை தாயுடையதை ஒட்டியே அமைகிறது. கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காப் பகுதியில் 1972 முதல் நடக்கும் யானை ஆய்வின் பலமே தலைமுறை தாண்டிய தனி அடையாளம்தான். ஊகித்து ஒரு குறியீட்டைத் தவறாகப் போட்டால் எங்கள் வம்சாவளிப் பதிவு கெட்டுவிடும், அதற்கு எனக்கு மனமில்லை.

இப்படி இடைவெளி விழுந்த தரவில், குட்டிகளுக்குப் புதுக் குறியீடு கொடுத்துவிட்டு, பழைய குறியீடுகளை நிகழ்தகவோடு இணைத்துப் பகுப்பாய்வு செய்ய நீங்கள் பயன்படுத்திய முறை எது?